நாட்டைப் பிளந்த போரின் வீரர்களுக்கு ஒரு நாள்: எந்தத் தேதி, யாருக்காக?

நீங்கள் கேட்டது இது: ஒரு நாட்டு மக்களே இரண்டாகப் பிரிந்து நின்று திட்டிக்கொண்ட ஒரு போரில் பணியாற்றியவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு நாளை ஒதுக்கினால், அந்தப் போரே சரி என்று ஆகிவிடாதா? எல்லாப் படைவீரர்களுக்கும் பொதுவாக ஒரு நாள் இருக்கும்போது இவர்களுக்கு மட்டும் தனியாக எதற்கு? கடைசியில், போகிற போக்கில், எந்தத் தேதியை வைப்பார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சாதாரணமாகக் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் மூன்றிலும் கனமானது. பல நாடுகளில் போரைப் பற்றிய சண்டை ஓய்ந்த பிறகு, அதே சண்டை தேதியைப் பற்றிய சண்டையாக உருமாறி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நான் கல்லூரியில் இருபதாம் நூற்றாண்டுப் போர் வரலாறு கற்பிப்பவன். நினைவுச் சின்னங்களும் நினைவு நாட்களும் எப்படி உருவாகின்றன என்பதைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். ராணுவத்தில் இருந்ததில்லை. அதனால் திரும்பி வந்தவர்களின் மனம் பற்றி நான் சொல்வதெல்லாம் அவர்கள் சொன்னதைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

முதலில் தனி நாள் எதற்கு என்பதைப் பார்ப்போம். அமெரிக்காவில் நவம்பர் 11 எல்லாப் படைவீரர்களுக்குமான நாள். முதல் உலகப்போர் 1918இல் நின்ற தேதி அது. 1954இல் பெயர் மாற்றி எல்லாப் போர்களுக்கும் உரியதாக்கினார்கள். அமெரிக்காவைப் பிளந்த வியட்நாம் போருக்குப் போனவர்களும் அதில் அடக்கம்தான், சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது பொதுவான நன்றியை அல்ல; ஊர் திரும்பியபோது நடக்காமல் போன வரவேற்பை. முந்தைய போர்களில் படைப்பிரிவு படைப்பிரிவாகக் கப்பலில் திரும்பினார்கள். துறைமுகத்தில் கூட்டம் இருந்தது, ஊருக்குள் அணிவகுப்பு இருந்தது. வியட்நாமில் முறையே வேறு. தரைப்படைக்காரர் ஒருவர் தனியாளாகப் போவார், ஏற்கெனவே அங்கே இருக்கும் பிரிவில் சேருவார், பன்னிரண்டு மாதம் முடிந்ததும் தனியாளாகத் திரும்புவார். கடற்படைத் தரைவீரர் என்றால் பதின்மூன்று மாதம். நேற்றுவரை காட்டில் இருந்தவர் விமானத்தில் ஏறி ஓரிரு நாளில் சொந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் நிற்பார். அவருக்காக அணிவகுப்பு நடத்த வேண்டுமென்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் நடத்தியிருக்க வேண்டும். ஆகவே வரவேற்பு இல்லாமல் போனதற்கு மக்களின் கோபம் மட்டும் காரணம் அல்ல, ஆள் அனுப்பும் ஏற்பாடும் ஒரு காரணம். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, கோபத்தைக் காரணமாகச் சொல்வது கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது.

இங்கே ஒரு சர்ச்சையையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்த வீரர்கள் மீது போர் எதிர்ப்பாளர்கள் விமான நிலையங்களில் துப்பினார்கள் என்ற செய்தி, இப்படி ஒரு நாள் வேண்டும் என்று வாதிடும்போதெல்லாம் எடுத்து வைக்கப்படும். ஜெர்ரி லெம்கே என்ற சமூகவியலாளர், அவரே வியட்நாமில் பணியாற்றியவர், அந்தக் காலத்துப் பதிவுகளைத் தேடிப் பார்த்துவிட்டு, இது பின்னால் உருவான கதை என்று வாதிட்டார். தங்களுக்கே நடந்தது என்று சொல்லும் முன்னாள் வீரர்களும் இருக்கிறார்கள். ஒருவருக்குமே நடக்கவில்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பரவலாக நடந்தது என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று மெலிவு என்பது மட்டும் உறுதி. போர் எதிர்ப்பாளர்கள் ஒரு பக்கம், வீரர்கள் ஒரு பக்கம் என்ற படமும் பாதி உண்மைதான். 1971 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் தங்கள் பதக்கங்களைத் தூக்கி எறிந்தவர்கள் வியட்நாமிலிருந்து திரும்பிய வீரர்களே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவதற்கு இது முக்கியம்.

இப்போது அமெரிக்கா எப்படி ஒரு தேதிக்கு வந்து சேர்ந்தது என்ற கதை. கடைசி அமெரிக்கப் போர்ப்படைகள் தென் வியட்நாமை விட்டு வெளியேறியது 1973 மார்ச் 29. மறு ஆண்டே, 1974இல், அதிபர் நிக்சன் அந்தத் தேதியை வியட்நாம் வீரர்கள் நாளாக அறிவித்தார். அந்த ஓர் ஆண்டோடு அது போயிற்று. 1979 மே கடைசியில் கார்ட்டர் ஒரு வாரத்தை அறிவித்தார். 1981இல் ரீகன் ஏப்ரல் 26ஐ அறிவித்தார். எல்லாம் ஒருமுறை அறிவிப்புகள், ஒவ்வொன்றும் வேறு வேறு தேதி. அரசு இப்படித் தடுமாறிய காலத்தில் மற்றவர்கள் காரியத்தை நடத்தினார்கள். நியூயார்க் 1985 மேயில் வீரர்களுக்கு அணிவகுப்பு நடத்தியது. அடுத்த ஆண்டு சிகாகோவில் சுமார் இரண்டு லட்சம் பேர் நடந்தார்கள். பிறகு மாநிலங்கள் தனித்தனியே சட்டம் போடத் தொடங்கின. கலிஃபோர்னியா மார்ச் 30 என்றது, டெக்சாஸ் மார்ச் 29 என்றது. 2011இல் செனட் மார்ச் 30க்குத் தீர்மானம் போட்டது. 2012இல் ஒபாமா மார்ச் 29ஐ அறிவித்தார். கடைசியாக 2017இல் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சி செனட்டர் பாட் டூமியும் இந்தியானாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ டோனலியும் சேர்ந்து கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. மார்ச் 28 அன்று டிரம்ப் கையெழுத்திட்டார். ஆக, நிக்சன் பிடித்த அதே தேதி சட்டமாக 43 ஆண்டுகள் ஆயின.

அந்தச் சட்டம் என்ன செய்கிறது என்று கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். விடுமுறை கிடையாது. பணம் கிடையாது. தேசியக் கொடியைப் பறக்கவிட வேண்டிய நாட்களின் பட்டியலில் ஒரு நாளைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். இது போதாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு இது சரியான அளவு என்றே படுகிறது. விடுமுறை விட்டால் அந்த நாள் நீண்ட வார இறுதியாகிப் போகும், தள்ளுபடி விற்பனைக்குப் பயன்படும். வேலை நாளாக இருந்தால் பள்ளியில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம், நகர மன்றத்தில் ஒரு மணி நேரம் கூடலாம்.

மார்ச் 29 நல்ல தேதியா? அமெரிக்க வீரரின் இடத்திலிருந்து பார்த்தால் நல்ல தேதி. எந்தச் சண்டையின் பெயரும் அதில் இல்லை. வென்றோம், தோற்றோம் என்ற பேச்சும் இல்லை. அன்றோடு நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. போரை ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் அதில் முரண்பட ஒன்றுமில்லை. ஆனால் போர் அன்றைக்கு முடியவில்லை, இன்னும் இரண்டு ஆண்டு நடந்தது. தென் வியட்நாம் ராணுவத்தில் இருந்து பின்னர் அகதியாக அமெரிக்கா வந்த ஒருவருக்கு மார்ச் 29 என்பது கூட்டாளி கைகழுவிப் போன நாள். அவர்களுடைய சமூகம் துக்கம் அனுசரிப்பது ஏப்ரல் 30 அன்று, 1975இல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் வீழ்ந்த தேதி. அதே ஏப்ரல் 30 வியட்நாமில் அரசு கொண்டாடும் வெற்றி நாள். ஒரே போருக்கு மூன்று தரப்பு, மூன்று கணக்கு. எல்லாருக்கும் பொருந்தும் ஒரு தேதி காலண்டரில் கிடையாது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது, ஒரு சண்டையின் தேதியை எடுத்துக்கொண்டது. 1966 ஆகஸ்ட் 18 அன்று தென் வியட்நாமின் லோங் டான் ரப்பர் தோட்டத்தில், கொட்டும் மழையில், ‘கம்பெனி’ எனப்படும் 108 பேர் கொண்ட ஓர் ஆஸ்திரேலியப் படைப்பிரிவு தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையைத் தாக்குப்பிடித்து நின்றது. 18 ஆஸ்திரேலியர்கள் இறந்தார்கள். அந்த நாளை முன்னாள் வீரர்கள் தாங்களாகவே கூடி நினைவுகூர்ந்து வந்தார்கள். 1987இல் பிரதமர் பாப் ஹாக் அதை வியட்நாம் வீரர்கள் நாள் என்று அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில் சிட்னியில் வரவேற்பு அணிவகுப்பு நடந்தது, சுமார் 25,000 பேர் நடந்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பட்டாலியன்கள் மொத்தமாகத் திரும்பியபோது போர்க்காலத்திலேயே நகரத் தெருக்களில் அணிவகுப்புகள் நடந்திருக்கின்றன. 1966இல் சிட்னியில் நடந்த ஒன்றில், உடம்பெல்லாம் சிவப்புச் சாயம் பூசிக்கொண்ட ஒரு பெண் அணியின் தலைமை அதிகாரியின் மேல் போய்ச் சாய்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார். தெருவில் திரண்டிருந்த கூட்டம் மறந்துபோய் அந்தப் படம் மட்டும் நாட்டின் நினைவில் நின்றுவிட்டது. ஆகவே 1987இல் நடந்ததுதான் முதல் வரவேற்பு என்று யாராவது எழுதினால் அது தவறு. ஆனால், தாங்கள் வரவேற்கப்படவில்லை என்று அவர்களில் பலர் உணர்ந்தது உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

சண்டையின் தேதியை வைப்பதில் ஒரு வசதி, அது வீரர்களிடமிருந்தே வந்தது, அரசு மேலிருந்து திணித்தது அல்ல. சங்கடங்களும் உண்டு. லோங் டானில் இல்லாதவர்கள் பெரும்பான்மை. சுமார் 60,000 ஆஸ்திரேலியர்கள் வியட்நாம் போனார்கள், அந்த ரப்பர் தோட்டத்தில் இருந்தது ஒரு கம்பெனி. 1968இல் கோரல், பால்மொரல் தளங்களில் வாரக்கணக்கில் சண்டையிட்டவர்கள் எங்கள் நாள் எது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். அதைவிடப் பெரிய சங்கடம், சண்டை நடந்த மண் வேறொரு நாட்டின் மண். 2016இல் ஐம்பதாவது ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான ஆஸ்திரேலியர்கள் அங்கே போக ஏற்பாடாகியிருந்தது. கடைசி நேரத்தில் வியட்நாம் அரசு நிகழ்ச்சியை ரத்து செய்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சிறு சிறு குழுக்களாக, ஆரவாரம் இல்லாமல் போய்வர அனுமதித்தது. வியட்நாமின் இடத்திலிருந்து பாருங்கள், அந்தத் தோட்டத்தில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அவர்களுடைய பிள்ளைகள்.

நான் வகுப்பில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது பிரான்ஸைப் பற்றித்தான். தேதியில் போர் ஒளிந்திருக்கும் என்பதை அதைப் போலக் காட்டும் நாடு வேறில்லை. பிரான்ஸின் ஆட்சியிலிருந்து விடுபட 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் நடந்த போராட்டத்தைப் பிரெஞ்சு அரசு போர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. அது சட்டம் ஒழுங்கு நடவடிக்கை என்றார்கள். கட்டாய ராணுவச் சேவையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை அனுப்பினார்கள், சுமார் 25,000 படைவீரர்கள் இறந்தார்கள். போர்தான் என்று சட்டம் சொன்னது 1999 அக்டோபரில். போரே இல்லை என்றால் போர்வீரர் எங்கிருந்து வருவார்? முந்தைய போர்களில் பணியாற்றியவர்களுக்குக் கிடைத்த போர்வீரர் அட்டை இவர்களுக்குக் கிடைக்க 1974 டிசம்பர் சட்டம் வர வேண்டியிருந்தது.

பெயர்ச் சண்டை முடிந்ததும் தேதிச் சண்டை தொடங்கியது. சரியாகச் சொன்னால், முன்பே நடந்துகொண்டிருந்தது பெரிதானது. அல்ஜீரிய விடுதலை இயக்கத்துடன் பிரான்ஸ் செய்த எவியன் ஒப்பந்தம் 1962 மார்ச் 18 அன்று கையெழுத்தாகி, மறுநாள் 19ஆம் தேதி போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது. அல்ஜீரியாவில் பணியாற்றியவர்களின் பெரிய சங்கமான ஃப்னாகா, எங்கள் நாள் மார்ச் 19தான் என்று பல பத்தாண்டுகள் போராடியது. கட்டாயமாக அனுப்பப்பட்ட ஓர் இளைஞனுக்கு அந்தத் தேதியின் பொருள் எளிது: இனி சாகவேண்டியதில்லை. ஆனால் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சண்டையிட்ட அல்ஜீரிய முஸ்லிம்களான ஹார்க்கிகளுக்கு மார்ச் 19க்குப் பிறகுதான் கொடுமையே ஆரம்பித்தது. பிரான்ஸ் அவர்களில் பெரும்பாலோரை விட்டுவிட்டுப் போனது, ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அல்ஜீரியாவில் தலைமுறைகளாக வாழ்ந்த ஐரோப்பியர்களுக்கும் அப்படியே. ஜூலை 5 அன்று ஓரான் நகரத்தில் நடந்த படுகொலையை அவர்கள் மறக்கவில்லை. அவர்களிடம் போய் மார்ச் 19 அன்று மாலை வையுங்கள் என்றால் என்ன சொல்வார்கள்?

அதிபர் சிராக் ஒரு தந்திரம் செய்தார். பாரிஸில் பிரான்லி கரையில் ஒரு நினைவுச் சின்னத்தை 2002 டிசம்பர் 5 அன்று திறந்து வைத்தார். அடுத்த ஆண்டு அந்த டிசம்பர் 5ஐயே அல்ஜீரியப் போரில் இறந்தவர்களுக்கான நாளாக அரசாணை போட்டுவிட்டார். போரில் அந்தத் தேதிக்கு எந்த அர்த்தமும் இல்லை, சின்னத்தைத் திறந்த நாள் என்பதைத் தவிர. அர்த்தமில்லாத தேதி என்பதாலேயே யாரையும் புண்படுத்தாது என்பது கணக்கு. யாரையும் தொடவும் இல்லை. ஃப்னாகா அதை ஏற்கவில்லை. மார்ச் 19க்கான மசோதாவை 2002 ஜனவரியிலேயே நாடாளுமன்றத்தின் கீழவை நிறைவேற்றியிருந்தது. பத்தாண்டு கிடப்பில் கிடந்த அதே மசோதாவை 2012 நவம்பரில் செனட் எடுத்து நிறைவேற்றியது, டிசம்பர் 6 அன்று சட்டமானது. பழையதை ரத்து செய்யவும் இல்லை. ஆக, இன்றைக்கு பிரான்ஸில் ஒரே போருக்கு மார்ச் 19 ஒன்று, டிசம்பர் 5 ஒன்று, ஹார்க்கிகளுக்குத் தனியாக செப்டம்பர் 25 ஒன்று. சில சங்கங்கள் ஒன்றுக்குப் போகும், மற்றதைப் புறக்கணிக்கும். பெசியே நகர மேயர் 2015இல் ‘1962 மார்ச் 19 தெரு’ என்ற பெயரை நீக்கி, 1961இல் அரசுக்கு எதிரான ராணுவக் கலகத்தில் பங்கேற்ற ஓர் அதிகாரியின் பெயரை வைத்தார். தேதியை எடுத்துவிட்டு அங்கே யாரை உட்கார வைக்கிறார்கள் என்று பாருங்கள், எதைப் பற்றிய சண்டை என்பது புரியும்.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன், அப்படி ஒரு நாள் போரை நியாயப்படுத்துகிறதா? நாளே நியாயப்படுத்துவதில்லை, அதில் பேசப்படும் வாசகம் நியாயப்படுத்தலாம். ‘சுதந்திரத்துக்காகப் போராடியவர்கள்’ என்று அறிவிப்பில் எழுதினால் போரின் நோக்கத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியாயிற்று. ‘அழைத்தபோது போனவர்கள்’ என்றால் அந்தத் தீர்ப்பு இல்லை. வாஷிங்டனில் உள்ள வியட்நாம் நினைவுச் சுவருக்கு வடிவமைப்புப் போட்டி வைத்தபோது, போரைப் பற்றி அரசியல் கருத்து எதுவும் சொல்லக் கூடாது என்பது விதியாகவே இருந்தது. அதற்கான இயக்கத்தைத் தொடங்கியவர் ஜான் ஸ்க்ரக்ஸ் என்ற முன்னாள் வீரர், பணம் தனியாரிடமிருந்து வந்தது. 1,421 விண்ணப்பங்களில் தேர்வானது 21 வயது மாணவி மாயா லின்னுடையது. கறுப்புக் கிரானைட், தரைக்குள் இறங்கும் சுவர், இறந்த தேதி வரிசையில் பெயர்கள், பதவிப் பெயர் கிடையாது. ஒரு கருத்தும் சொல்லாத அந்தச் சுவரை அவமானத்தின் கறுப்புக் காயம் என்று ஒரு முன்னாள் வீரரே திட்டினார். எதிர்ப்பைச் சமாளிக்க மூன்று வீரர்களின் வெண்கலச் சிலையை 1984இல் பக்கத்தில் சேர்த்தார்கள். இன்று அதே சுவரின் முன்னால்தான் எல்லாரும் அழுகிறார்கள். ஆக, நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் ஏதோ சொன்னதாகத்தான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த அர்த்தம் காலத்தில் மாறவும் செய்யும்.

மறுபக்க ஆபத்தும் கற்பனை அல்ல. வியட்நாம் போரின் ஐம்பதாம் ஆண்டு நினைவேந்தலை 2012 முதல் 2025 வரை நீளும் திட்டமாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நடத்தியது. அதன் இணையதளக் காலவரிசையில், 1968 மார்ச் 16 அன்று மி லாய் கிராமத்தில் நூற்றுக்கணக்கான பொதுமக்களை அமெரிக்கப் படையினர் கொன்றது முதலில் ‘மி லாய் சம்பவம்’ என்று இருந்தது. வரலாற்றாய்வாளர்களும் பழைய போர் எதிர்ப்பாளர்களும் சத்தம் போட்ட பிறகு வாசகத்தை மாற்றினார்கள். நன்றி சொல்லும் வேலையையும் வரலாறு எழுதும் வேலையையும் ஒரே அலுவலகத்திடம் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். நன்றி சொல்பவர் கசப்பானதைத் தவிர்ப்பார், அது அவர் சுபாவம். அதனால் நாளை அறிவிக்கும் அரசு, பாடம் எழுதுவதை வேறு ஆட்களிடம் விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து.

தமிழில் இந்தக் கேள்வியைப் பேசும்போது இந்திய அமைதிப்படை நினைவுக்கு வராமல் இருக்காது. 1987 முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்த அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தார்கள். கடைசிப் பிரிவுகள் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. கொழும்பை ஒட்டிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே நகரில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, இலங்கை எழுப்பியது. டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்திலும் பெயர்கள் இருக்கின்றன. முன்னாள் வீரர்கள் கேட்கும் அங்கீகாரத்தில் நியாயம் உண்டு. அவர்களும் ஆணைப்படி போனவர்களே. அதே சமயம், 1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையில் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியர்களும் அந்தப் படையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு அக்டோபரிலும் அங்கே விளக்கேற்றுகிறவர்களும் இதைத் தமிழில்தான் படிப்பார்கள். அமெரிக்கருக்கு மி லாய் கடல் கடந்த இடம். இங்கே இரண்டு துக்கமும் ஒரே மொழிக்குள் இருக்கின்றன. இந்த இடத்தில் வீரர்களுக்கு ஒரு நாள் கேட்பவர், அந்த அக்டோபர் நாட்களைப் பற்றியும் பேசத் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பாதிப் பேருக்கான நாளாகவே இருக்கும்.

இப்படி ஒரு நாள் காயத்தை ஆற்றுமா என்றால், இங்கேதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறியது என்று சொல்லும் முன்னாள் வீரர்கள் நிறையப் பேர். 2017க்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்து இது பயன் என்று காட்டுவது கடினம். வயதும், நண்பர்களும், சிகிச்சையும் எல்லாம் கலந்துதான் வேலை செய்கின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று, நாளை அறிவிப்பதுதான் அரசுக்கு ஆகக் குறைந்த செலவு. ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியால் உடல் கெட்டவர்களின் வழக்கு 1984இல் 18 கோடி டாலருக்குச் சமரசமானது. அந்தப் பணமும் ரசாயன நிறுவனங்கள் கொடுத்தது. எந்தெந்த நோய்களுக்கு அந்த ரசாயனமே காரணம் என்று வைத்துக்கொண்டு உதவித்தொகை தருவது என்பதை முறைப்படுத்திய சட்டம் 1991இல் வந்தது. உயர் ரத்த அழுத்தம் அந்தப் பட்டியலில் ஏறியது 2022இல். இருபது வயதில் போனவருக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். நியூசிலாந்து 2008இல் வேறு மாதிரி செய்தது: பிரதமர் ஹெலன் கிளார்க் நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார், அதோடு உடல்நலத்துக்கும் உதவிக்குமான ஏற்பாடுகளும் இருந்தன. ஓர் அரசு உண்மையாகவே சொல்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அறிவிப்புக்குப் பக்கத்தில் நிதி ஒதுக்கீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் ஏதாவது ஒரு குழுவில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள் என்றால் நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். தேதியை அதிகாரிகள் தேர்ந்தெடுக்க வேண்டாம், போய் வந்தவர்களிடம் கேளுங்கள். அவர்களிலேயே போரை எதிர்த்தவர்களையும் கூப்பிடுங்கள். பதக்கத்தை எறிந்தவர் வந்து நிற்க முடியாத நாள், வீரர்களின் நாள் அல்ல. முடிந்தவரை சண்டையின் தேதியையும் அரசியல் தலைவர்களின் தேதியையும் விட்டு, ஆட்கள் வீடு திரும்பிய தேதியை எடுங்கள். அதுவும் சிலருக்கு வலிக்கும், மார்ச் 29 விஷயத்தில் பார்த்தோம். ஆனால் யாருக்கு வலிக்கும் என்பதை முதலிலேயே கண்டுபிடித்து அறிவிப்பிலேயே அவர்கள் பெயரைச் சொல்ல முடியும். யார் யார் சேர்த்தி என்பதையும் எழுதி வையுங்கள். அமெரிக்காவில் அந்த ஐம்பதாம் ஆண்டு நினைவேந்தலுக்காகத் தந்த, சட்டையில் குத்திக்கொள்ளும் பின், 1955 நவம்பர் 1 முதல் 1975 மே 15 வரை படையில் எங்கே பணியாற்றியிருந்தாலும் கிடைத்தது, ஜெர்மனியில் கிடங்கு பார்த்தவருக்கும் கிடைத்தது. காட்டில் இருந்தவர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நான் அந்தத் தாராளத்தின் பக்கம்தான். எங்கே அனுப்புவார்கள் என்பது அவர்கள் கையில் இருக்கவில்லை.

எல்லாரும் கடைசியில் யோசிப்பது கூடச் சண்டையிட்ட உள்ளூர்க்காரர்களைப் பற்றி. லாவோஸில் அமெரிக்காவுக்காக ரகசியமாகச் சண்டையிட்ட ஹ்மோங் மக்களுக்கு ஆங்கிலத் தேர்வு இல்லாமலே குடியுரிமை பெற 2000இல் வழி திறந்தது. அப்படிக் குடியுரிமை பெற்றவர்களைத் தேசியக் கல்லறைகளில் புதைக்க அனுமதி 2018இல்தான் வந்தது. ஆஸ்திரேலியாவில் தென் வியட்நாம் ராணுவத்தின் முன்னாள் வீரர்கள் குடியேறித் தகுதி பெற்றால் அரசின் சேவை ஓய்வூதியம் வாங்கலாம், ஆஸ்திரேலியாவின் படைவீரர் நினைவு நாளான ஏப்ரல் 25 அன்சாக் நாள் அணிவகுப்பில் தங்கள் பழைய மஞ்சள் கொடியோடு நடக்கிறார்கள். உங்கள் குழு வரைவு எழுதும்போது இந்த ஆட்களுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடங்களில் எல்லாம் முப்பது, நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது.